கண்ணை நம்புவதா, தர்க்கத்தை நம்புவதா? கிரேக்க அறிவுவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க அறிவுவாதம் என்றால் என்ன? கடவுள் மறுப்பும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. நம்மூரில் பகுத்தறிவு என்றதுமே கடவுள் மறுப்பு நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது வேறொரு தகராறு. உலகம் உண்மையில் எப்படிப்பட்டது என்பதைக் கண்ணும் காதும் சொல்லித் தெரிந்துகொள்வதா, அல்லது புலன்களை ஓரமாக வைத்துவிட்டுத் தர்க்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதா? இரண்டாவதுதான் சரியான வழி என்றவர்களை அறிவுவாதிகள் என்கிறோம். அவர்களில் மூத்தவரான பார்மெனிடீஸ் தன் கொள்கை முழுவதையும் ஒரு பெண் தெய்வத்தின் வாக்காகவே எழுதினார். பிளேட்டோவோ கடைசிக் காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' நூலில், கடவுள் இல்லை என்பவர்களுக்குத் தண்டனையே விதிக்கிறார்.

இது எங்கே தொடங்கியது?

ஏதென்ஸில் இல்லை. தென் இத்தாலியின் மேற்குக் கரையில் இருந்த எலியா என்ற சிறு ஊரில். இன்று வேலியா என்ற பெயரில் அதன் இடிபாடுகளைப் பார்க்கலாம். பாரசீகப் படைக்கு அஞ்சி ஆசியா மைனரிலிருந்து கப்பலேறிய ஃபோசீயா நகரத்துக் கிரேக்கர்கள் கி.மு. 540 வாக்கில் அமைத்த குடியேற்றம் அது. பார்மெனிடீஸ் அந்த ஊர்க்காரர். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஹோமரின் யாப்பில் ஒரே ஒரு கவிதை எழுதினார். அதில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 160 வரிகள்.

அந்த வரிகள் நம் கைக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கவிதையின் தொடக்கத்தை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தவர் செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ். எதையும் அறிந்துவிட்டதாகச் சொல்பவர்களையெல்லாம் எதிர்ப்பதே வேலையாக இருந்த ஐயவாதி. நடுப்பகுதியைக் காத்தவர் சிம்பிளிசியஸ். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதும்போது, பார்மெனிடீஸின் நூல் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று சொல்லி நீண்ட பகுதிகளை அப்படியே படியெடுத்து வைத்தார். அவர் அன்று அந்தச் சிரமத்தை எடுத்திருக்காவிட்டால் இந்தப் பக்கத்துக்கே வேலையில்லை.

பார்மெனிடீஸ் அப்படி என்னதான் சொன்னார்?

கவிதையில் ஓர் இளைஞன் தேரில் போகிறான். சூரியனின் புதல்வியர் வழிகாட்ட, இரவும் பகலும் கடந்துபோகும் வாயிலைத் தாண்டுகிறான். அங்கே தெய்வம் அவன் கையைப் பற்றி வரவேற்று, விசாரணைக்கு இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று 'இருக்கிறது' என்ற வழி. மற்றது 'இல்லை' என்ற வழி. இரண்டாவதில் யாரும் நடக்கவே முடியாது, ஏனென்றால் இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

இதிலென்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்து வருவதைப் பாருங்கள். உள்ளது எப்போதாவது பிறந்ததா? பிறந்திருந்தால் எதிலிருந்து? இல்லாததிலிருந்து என்று சொல்ல வழியில்லை. அந்தப் பாதையை ஏற்கெனவே அடைத்தாயிற்று. ஒன்றுமில்லாததிலிருந்தே தொடங்கியது என்று வைத்துக்கொண்டாலும், முன்பு தொடங்காமல் பிறகு தொடங்கும்படி அதைத் தூண்டியது எது? ஆகவே பிறப்பில்லை. அதே காரணத்தால் அழிவும் இல்லை. மாறுவது என்றால் இப்போது இருப்பது இல்லாமல் போய், இல்லாதது வர வேண்டும். ஆகவே மாற்றமும் இல்லை. பகுதிகளாகப் பிரிக்கலாமா? நடுவில் 'இல்லாதது' இருந்தால்தானே பிரியும். கடைசியில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று: தொடக்கமற்ற, அசையாத, முழுமையான, எல்லாப் பக்கமும் சமமாகத் திரண்ட கோளம் போன்ற உள்பொருள்.

அவருக்கு முன்பிருந்தவர்கள் உலகம் நீரிலிருந்து வந்தது, காற்றிலிருந்து வந்தது என்று அறிவித்தார்கள். ஹெராக்ளிட்டஸ் பொன்மொழிகளாகச் சொன்னார். பார்மெனிடீஸ் படிப்படியாக நிரூபிக்கிறார். முடிவு பிடிக்கவில்லையா, எந்தப் படி தவறு என்று நீங்கள் காட்டியாக வேண்டும். அடுத்த நூறாண்டு கிரேக்கச் சிந்தனை பெரும்பாலும் அந்தப் படியைத் தேடியதுதான் என்பது என் கருத்து.

கண்ணெதிரே எல்லாம் மாறுகிறதே! அதற்கு அவர் பதில் என்ன?

பழக்கத்தின் இழுப்பில் குறியற்ற கண்ணையும் இரைச்சல் நிறைந்த காதையும் நாக்கையும் ஓட விடாதே, தர்க்கத்தால் தீர்ப்புச் சொல் என்கிறது தெய்வம். புலன்களுக்கு எதிரான மறுப்பு மேற்கத்திய எழுத்தில் இவ்வளவு தெளிவாக வருவது இங்கேதான் முதல் தடவை.

ஆனால் கவிதையின் பிற்பகுதியில் அதே தெய்வம் சூரியன், நிலவு, கருவுருவாக்கம் பற்றியெல்லாம் விரிவாகச் சொல்கிறது. 'மனிதர்களின் கருத்துகள்', நம்பத்தக்கவை அல்ல என்ற எச்சரிக்கையோடு சொல்கிறது. நிலவு பிறிதொன்றின் ஒளியால் இரவில் ஒளிர்ந்துகொண்டு பூமியைச் சுற்றுகிறது என்ற அருமையான வரி அங்கேதான் இருக்கிறது. அது சரியான வானியலும்கூட. நம்பத்தகாதது என்றால் இத்தனை அக்கறையோடு ஏன் சொல்ல வேண்டும்? அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. உலகத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை, உறுதியான அறிவுக்குக் கீழே ஒரு படியில் வைத்தார் என்று வாசிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அக்கிலீஸ்–ஆமைக் கதையைச் சொன்னது இவர்தானா?

இல்லை, இவருடைய சீடர் சீனோ. அவரும் எலியாக்காரர். குருவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்குப் பதிலாக எழுதினார் என்கிறது பிளேட்டோவின் உரையாடல் ஒன்று: 'பல பொருள்கள் உண்டு, அசைவு உண்டு என்கிறீர்களா? உங்கள் கட்சியிலிருந்து வரும் அபத்தம் எங்களுடையதைவிடப் பெரிது.'

கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்கள் நான் போட்டவை. கிரேக்கக் கதைகளில் வேகத்துக்குப் பெயர்போன வீரன் அக்கிலீஸ் விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறான், ஆமை 1 மீட்டர். ஆமைக்கு 100 மீட்டர் முன்தொடக்கம். அக்கிலீஸ் 100ஆவது மீட்டரை எட்டும்போது ஆமை 110இல் இருக்கும். அவன் 110ஐ எட்டும்போது அது 111இல். அவன் அங்கே வரும்போது அது இன்னும் பத்தில் ஒரு மீட்டர் முன்னே. ஒவ்வொரு முறையும் ஆமை இருந்த இடத்துக்கு அவன் வந்தாக வேண்டும். வரும்போது அது அங்கே இருக்காது. இந்த வரிசைக்கு முடிவே இல்லை. முடிவில்லாததை எப்படி முடிப்பது? (சீனோவின் வாதத்தை நமக்குச் சொல்லும் அரிஸ்டாட்டில், மெதுவாக ஓடுபவர் என்று மட்டும்தான் குறிப்பிடுகிறார். ஆமை பிற்கால உரைகளில் வந்து சேர்ந்தது.)

அம்பு பற்றிய வாதம் இதைவிடக் கூர்மையானது. பறக்கும் அம்பு எந்த ஒரு கணத்திலும் தன் நீளத்துக்குச் சமமான இடத்தில்தான் இருக்கிறது. அப்படி இருப்பது ஓய்வில் இருப்பது. எல்லாக் கணத்திலும் ஓய்வென்றால் பறந்தது எப்போது?

எழுந்து நடந்து காட்டினால் போதாதா?

கிரேக்கத் தத்துவவாதி டயோஜனீஸ் அப்படித்தான் செய்தாராம்: அசைவே இல்லை என்று ஒருவர் வாதிட, பேசாமல் எழுந்து நடந்தார். கேட்பவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. கால்கள் நகர்வது போலத் தெரிகிறது என்பதைச் சீனோ எங்கே மறுத்தார்? தெரிவதை நம்பலாமா என்பதுதானே வழக்கு. வழக்கில் இருப்பதையே சாட்சியாகக் கொண்டுவந்தால் தீர்ப்புக் கிடைக்காது.

அரிஸ்டாட்டில் வேலையை முறையாகச் செய்தார். ஒரு கோட்டை முடிவில்லாமல் பிரிக்கலாம். ஆனால் பிரிக்கக்கூடியது என்பதும் ஏற்கெனவே பிரிந்து கிடப்பது என்பதும் வேறு. அக்கிலீஸ் கடப்பது ஒரே தொடர்ச்சியான தூரத்தை. முடிவற்ற துண்டுகள் நாம் குறித்தால் வருபவை. அம்புக்கு அவர் பதில்: காலம் கணங்களைக் கோத்துச் செய்ததல்ல, தனிக் கணத்தில் அசைவும் கிடையாது, ஓய்வும் கிடையாது.

கணிதம் இதைத் தீர்த்துவிட்டதல்லவா?

பாதிக்கு மேல் தீர்த்துவிட்டது. 100 + 10 + 1 + 0.1 என்று போகும் தொடரின் கூட்டுத்தொகை முடிவுள்ளது: 111 மீட்டரும் ஒன்பதில் ஒரு பங்கும். அங்கே அக்கிலீஸ் ஆமையைப் பிடிக்கிறான், 11 விநாடியும் ஒன்பதில் ஒரு பங்கும் ஆனபோது. 19ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர்கள் கோஷியும் வயர்ஸ்ட்ராசும் எல்லை (limit) என்ற கருத்துக்குக் கறாரான வரையறை கொடுத்தபின் இதில் ஓட்டை இல்லை.

மிச்சமிருக்கும் சங்கடம் வேறு. முடிவற்ற செயல்களைச் செய்து 'முடிப்பது' என்றால் என்ன? 1954இல் ஜேம்ஸ் தாம்சன் என்ற தத்துவவாதி ஒரு விளக்கை வைத்துக் கேட்டார்: ஒரு நிமிடம் எரிகிறது, அரை நிமிடம் அணைகிறது, கால் நிமிடம் எரிகிறது, இப்படியே பாதி பாதியாக. இரண்டு நிமிடம் முடிந்ததும் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? கூட்டுத்தொகை இதற்குப் பதில் சொல்லாது.

கோர்ஜியாஸ் 'எதுவுமே இல்லை' என்றாராமே?

சிசிலியின் லியோன்டினியிலிருந்து கி.மு. 427இல் தூதுவராக ஏதென்ஸ் வந்து, பேச்சால் ஊரை மயக்கியவர். அவர் சொன்னவை மூன்று: எதுவும் இல்லை, இருந்தாலும் அறிய முடியாது, அறிந்தாலும் பிறருக்குச் சொல்ல முடியாது. பார்மெனிடீஸின் பாணியிலேயே பார்மெனிடீஸைக் கவிழ்க்கும் விளையாட்டு என்று பலர் கடந்துபோகிறார்கள். மூன்றாவது விளையாட்டல்ல. காது நிறத்தைக் கேட்காது. சிவப்பை நான் உங்களிடம் சொல்லும்போது உங்களுக்கு வந்து சேர்வது ஒலி, சிவப்பு வரவில்லை. அறிவு வேறு, அதைச் சொல்லில் ஏற்றுவது வேறு என்ற பிரச்சினையை இவ்வளவு வெளிப்படையாக வைத்தவர் அவருக்கு முன் யாருமில்லை.

அணுக் கொள்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். லூசிப்பஸும் அப்டெரா ஊர் டெமாக்ரிட்டஸும் பார்மெனிடீஸின் பாதி வாதத்தை ஏற்றுக்கொண்டார்கள்: இல்லாததிலிருந்து எதுவும் வராது, உள்ளது அழியாது. ஆனால் அந்த ஒற்றை உள்பொருளை எண்ணற்ற துளிகளாக்கினார்கள். ஒவ்வோர் அணுவும் பிறக்காது, அழியாது, பிளவுபடாது; எலியாவின் கோளத்தையே பொடிப்பொடியாக்கியது போல. அவை நகர இடம் வேண்டுமே? அங்கேதான் துணிந்தார்கள்: வெற்றிடமும் இருக்கிறது, 'இல்லாதது' உள்ளதைவிடக் குறைவாக இல்லை என்றார்கள். பிறப்பும் இறப்பும் அணுக்கள் சேர்வதும் பிரிவதும் என்றாகிவிட்டன.

இனிப்பு வழக்கத்தால், கசப்பு வழக்கத்தால், நிறம் வழக்கத்தால். உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும் என்பது டெமாக்ரிட்டஸின் புகழ்பெற்ற கூற்று. இவரும் புலன்களைத் தள்ளிவிட்டார் போலிருக்கிறதே என்று நினைக்கும்போது, மருத்துவர் கேலன் எடுத்துக்காட்டும் இன்னொரு துண்டு வந்து நிற்கிறது. அதில் டெமாக்ரிட்டஸ் புலன்களையே பேச வைக்கிறார். அறிவைப் பார்த்து அவை சொல்கின்றன: 'அற்ப அறிவே, எங்களிடமிருந்து சான்றுகளை வாங்கிக்கொண்டு எங்களையே வீழ்த்தப் பார்க்கிறாயா? எங்கள் வீழ்ச்சி உனக்கும் வீழ்ச்சி.'

அறிவுவாதத்துக்கு எதிராக எழுதப்பட்டவற்றில் இதைவிட வலுவான வரியை நான் படித்ததில்லை. அதை எழுதியவர் எதிர்க்கட்சிக்காரர்கூட இல்லை. தன் கொள்கையின் வலி எங்கே என்று தெரிந்தவர்.

பிளேட்டோ எந்த வகையில் அறிவுவாதி?

'மெனோன்' உரையாடலில் வரும் அடிமைச் சிறுவனைப் பார்த்தால் போதும். கணிதம் படிக்காத பையன். சாக்ரடீஸ் மணலில் ஒரு சதுரம் வரைகிறார்; பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப் போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? பையன் தயங்காமல் 4 அடி என்கிறான். வரைந்து பார்த்தால் பரப்பு 16. இரண்டு மடங்கு கேட்டால் நான்கு மடங்கு வந்து நிற்கிறது. அப்படியானால் 3 அடி என்கிறான். 9 வருகிறது, வேண்டியது 8. 'சத்தியமாக எனக்குத் தெரியவில்லை' என்று நின்றுவிடுகிறான். அப்போது சாக்ரடீஸ் சதுரத்தின் மூலைக்கு மூலை கோடு போடுகிறார். அந்தக் கோட்டின் மேல் சதுரம் அமைத்து எண்ணிப் பார்த்தால் சரியாக 8.

பையனுக்கு நான் எதையும் கற்பிக்கவில்லை, கேள்வி மட்டுமே கேட்டேன். அறிவு அவனுக்குள்ளேயே இருந்தது, நினைவு கூர்ந்தான் என்பது சாக்ரடீஸின் வாதம். எதிர்ப்பவர்கள், கேள்வியிலேயே விடையைப் பொதிந்து ஊட்டிவிட்டார் என்கிறார்கள். மூலைவிட்டத்தைப் பொறுத்தவரை அது நியாயமான குறைதான். அதைச் சாக்ரடீஸ்தான் வரைந்தார். ஆனால் 16உம் 9உம் விடையில்லை என்று பையன் உணர்ந்த இடத்தில் யாரும் ஊட்டவில்லை. அங்கே அவனுக்குப் புரிந்தது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மணலில் போட்ட கோடு கோணலாகத்தான் இருக்கும்; அவன் புரிந்துகொண்டதோ கோணலில்லாத சதுரத்தைப் பற்றி.

அப்படியானால் பிளேட்டோ பார்மெனிடீஸின் வாரிசா?

வாரிசு, ஆனால் தந்தையை எதிர்த்து நின்ற வாரிசு. மாறாத உள்பொருள் என்பதைப் பிளேட்டோ எடுத்துக்கொண்டார். நீதி, அழகு, சமம் போன்ற வடிவங்கள் மாறாதவை, கண்ணால் காண்பவை அவற்றின் சாயல்கள். ஆனால் 'சோஃபிஸ்ட்' உரையாடலில், பொய் என்று ஒன்று இருக்க வேண்டுமானால் 'இல்லாதது' ஏதோ ஒரு வகையில் இருந்தே ஆக வேண்டும் என்று வாதம் திரும்புகிறது. பேசுபவர் எலியாவிலிருந்து வந்த அந்நியர். என்னைத் தந்தைக்கொலைகாரன் என்று நினைத்துவிடாதே என்று கேட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார். தீர்வு இது: 'அழகில்லை' என்றால் சூனியம் என்று பொருளில்லை, அழகிலிருந்து வேறானது என்று பொருள். பார்மெனிடீஸ் அடைத்த பாதை இப்படித்தான் திறந்தது.

தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'பார்மெனிடீஸ்' என்ற உரையாடலில் 65 வயது பார்மெனிடீஸ் இளைஞர் சாக்ரடீஸைக் குறுக்கு விசாரணை செய்கிறார். தலைமுடிக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும்கூட மாறாத வடிவம் உண்டா? சாக்ரடீஸ் திணறுகிறார். பெரிய பொருள்களெல்லாம் 'பெரியதன்மை' என்ற வடிவத்தால் பெரியவை என்றால், அந்த வடிவத்தையும் பொருள்களையும் சேர்த்துப் பார்க்க இன்னொரு வடிவம் வேண்டாமா, பிறகு அதற்கும் மேலே ஒன்று? பிளேட்டோவின் கொள்கைக்கு எதிரான மிகக் கடுமையான வாதத்தைப் பிளேட்டோவே எழுதி வைத்திருக்கிறார்.

அரிஸ்டாட்டில் அனுபவவாதியா?

அனுபவவாதி என்றால் புலன்கள் தரும் அனுபவமே அறிவுக்கு அடிப்படை என்பவர். அரிஸ்டாட்டில் முழுக்க அப்படி அல்ல. எலியாக்காரர்களின் முடிவுகள் வாதத்தில் சரியாக வருவது போலத் தோன்றினாலும், நடப்பைப் பார்த்தால் அவற்றை நம்புவது பித்துக்கு அடுத்தபடி என்றவர் அவர். கோழிமுட்டைகளை உடைத்துப் பார்த்து, மூன்று நாளும் இரவும் கழிந்ததும் வெள்ளைக் கருவில் இரத்தப் புள்ளியாக இதயம் தெரிகிறது, உயிருள்ளது போலத் துடிக்கிறது என்று எழுதியவரும் அவர்தான். தேனீக்களின் இனப்பெருக்கம் பற்றி நீண்ட ஊகம் செய்துவிட்டு, உண்மைகள் இன்னும் போதிய அளவு தெரியவில்லை, தெரியவரும்போது கோட்பாட்டைவிடக் கவனித்ததையே நம்ப வேண்டும் என்று சொல்லி நிறுத்துகிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை மதிக்கலாம்.

அதே சமயம், புலன் தருவது தனிப்பொருளை. அறிவு என்பது ஏன் என்ற காரணத்தையும் பொதுமையையும் பற்றியது என்பதில் அவர் பிளேட்டோவின் மாணவராகவே இருந்தார். காட்சியிலிருந்து நினைவு, நினைவிலிருந்து அனுபவம், அனுபவத்திலிருந்து அடிப்படைக் கொள்கை என்பது அவருடைய ஏணி. கடைசிப் படியில் ஏறுவது மட்டும் அறிவின் வேலை.

ஐயவாதிகள் யார் பக்கம்?

யார் பக்கமும் இல்லை. அக்ரிப்பா என்பவரின் பெயரில் வரும் ஐந்து உத்திகளில் மூன்று மிகக் கொடியவை. எதையாவது உறுதியாகச் சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் அதற்கும் காரணம் கேட்பார்கள். ஒன்று, காரணங்களின் வரிசை முடியாமல் போகும்; அல்லது சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கும்; அல்லது 'இதற்கு மேல் கேட்காதே' என்று ஓரிடத்தில் நிறுத்துவீர்கள். மூன்றும் நிரூபணம் ஆகாது. தர்க்கத்தை நம்பியவருக்கும் இதே அடி, கண்ணை நம்பியவருக்கும் இதே அடி.

எப்படி வாழ்வது என்று கேட்டால் செக்ஸ்டஸ் பதில் வைத்திருக்கிறார்: தேன் இனிப்பாகத் தோன்றுகிறது என்பதை மறுக்கவில்லை, அதன் இயல்பே இனிப்பா என்பதில்தான் தீர்ப்பை நிறுத்தி வைக்கிறோம். பசித்தால் உண்போம், ஊர் வழக்கப்படி நடப்போம், தொழிலைச் செய்வோம்.

இந்தச் சண்டையால் நடைமுறையில் யாருக்காவது ஏதாவது ஆனதா?

நோயாளிகளுக்கு ஆனது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் மருத்துவர்களே இரண்டு கட்சியானார்கள். அறிவுவாத மருத்துவர்கள், நோயின் மறைவான காரணம் தெரியாமல் வைத்தியம் இல்லை, அதற்கு உடலைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அலெக்சாண்ட்ரியாவின் ஹெரோஃபிலஸும் எரசிஸ்ட்ரேட்டஸும் அரசர்கள் சிறையிலிருந்து கொடுத்த குற்றவாளிகளை உயிரோடு அறுத்தார்கள் என்று அந்தக் கட்சியின் வாதத்தோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறார், கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ்.

அனுபவ மருத்துவர்களின் மறுப்பையும் அவரே தருகிறார். அது கொடுமை என்பது முதல் காரணம். பயனற்றது என்பது இரண்டாவது: வயிற்றைக் கிழித்த பிறகு நீங்கள் பார்ப்பது நலமாக இருந்த உடலை அல்ல, செத்துக்கொண்டிருக்கும் உடலை. நோயை உண்டாக்கியது எது என்பதைவிடத் தீர்ப்பது எது என்பதே முக்கியம். உழவரும் மாலுமியும் விவாதத்தால் உருவாவதில்லை, பழக்கத்தால் உருவாகிறார்கள் என்றார்கள். தாம் கண்டது, பிறர் கண்டு எழுதி வைத்தது, ஒத்த நோய்க்கு ஒத்த மருந்து: இந்த மூன்றே அவர்களுக்குப் போதும். படிக்கும்போது என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது. ஆனால் புதிதாக ஒரு நோய் வந்தால் இவர்களிடம் என்ன இருக்கும் என்று மறு கட்சி கேட்டதையும் தள்ளிவிட முடியவில்லை.

பார்மெனிடீஸும் அத்வைதமும் ஒன்றா? இந்தியத் தொடர்பு உண்டா?

ஒன்றே உண்டு, மாற்றம் மெய்யல்ல என்ற அளவில் ஒற்றுமை கண்ணில் படும். அடித்தளம் வேறு. அத்வைதத்தில் அந்த ஒன்று தூய உணர்வு, அதற்கு வேதமே முதன்மைச் சான்று. பார்மெனிடீஸின் உள்பொருள் எல்லைக்குட்பட்டது, சான்று வாதம் மட்டுமே. நம் மரபில் காட்சி (புலனால் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது) இரண்டையும் அளவைகளாக, அதாவது அறியும் வழிகளாக, அருகருகே வைத்தே பேசுவது வழக்கம். மணிமேகலையில் அறவண அடிகள் பௌத்தத்துக்கு அளவை இந்த இரண்டே என்கிறார். உலகாயதர் காட்சியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நேரடித் தொடர்புக்குப் பெயர் சொல்லக்கூடியவர் பிர்ரோ. அலெக்சாண்டரின் படையோடு இந்தியா வரை வந்து ஆடையில்லா முனிவர்களைச் சந்தித்தார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. ஐயவாதம் அவர் பெயரில்தான் தொடங்குகிறது. அந்தச் சந்திப்பில் என்ன பேசினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்புவதை நான் ஏற்கவில்லை.

எங்கே வாசிக்கத் தொடங்கலாம்?

'மெனோன்' சிறியது, அடிமைச் சிறுவன் வரும் பகுதியைக் கையில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு வரைந்தபடி படியுங்கள். பிறகு பார்மெனிடீஸின் கவிதை. எஞ்சியது அவ்வளவுதான் என்பதால் ஒரே அமர்வில் முடியும், இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பிடிபடும். அடுத்து பிளேட்டோவின் 'பார்மெனிடீஸ்', முதல் பாதி மட்டும்; பிற்பாதி ஆய்வாளர்களையே அலைக்கழிப்பது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். சீனோவுக்கு அரிஸ்டாட்டிலின் 'இயற்பியல்' ஆறாம் நூல். செக்ஸ்டஸைக் கடைசியில் எடுங்கள். முன்னதாகப் படித்தால் மற்றவர்களைப் பொறுமையாகக் கேட்க மனம் வராது.